மணி அடிக்கிற வரைக்கும்

பாடம் நடத்துவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதை ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்துதான் அனுப்பியிருப்பார்கள். பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் சர்வீஸ் முழுவதும் என்னைத் திணறடித்தது வாய்ப்பாடும் இலக்கணமும் இல்லை. இப்படி வந்து நின்றவர்கள்தான்.

என் வீட்டில் இப்போது இரண்டு மருமகள்களும் ஒரு பேத்தியும் டீச்சர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை, பள்ளிக்கூடப் பேச்சுதான் ஜாஸ்தி. பேத்தி வேலைக்குச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. போன மாதம் ஒரு பிள்ளையின் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு யாரோ வந்து, பிள்ளையைக் கேட்டிருக்கிறார். இவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். “ஆயா, நீ இருந்தா இன்னா பண்ணியிருப்பே?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே, அவளைப் போலப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டிய ஒரு ஊர். மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே எங்கள் தொடக்கப்பள்ளி. அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேயே தலைமையாசிரியராகி ஓய்வும் பெற்றேன். காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்து ஊரிலுள்ள பெண்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆண்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஊரில் மிச்சம் இருப்பது வயதானவர்களும் பிள்ளைகளும் நாங்களும்தான். பகல் நேரத்தில் என்ன நடந்தாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நான் சேர்ந்தபோது தலைமையாசிரியராக இருந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். ஒரு நாள் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டிப்போக அவன் அப்பா வந்தார். பெங்களூரில் ஏதோ பட்டறையில் விடப்போகிறார் என்று ஊரில் பேச்சு. சிஸ்டர் அவரை உள்ளேயே விடவில்லை. “பையன அனுப்ப முடியாது, போங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த அப்பா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ரோட்டிலேயே நின்றிருந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பையனை அப்படியே பஸ் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார். அவன் திரும்பி வரவேயில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சிஸ்டர் தட்டைத் தொடவில்லை. “கதவ மூடத் தெரிஞ்சுது மேரி. ரோட்ட மூட முடியல” என்றார். எனக்கு முன்னால் தன் தப்பைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் நேற்று வந்த பெண். ஆனாலும் சொன்னார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட எத்தனையோ விஷயங்களில் எனக்கு அதிகம் உபயோகப்பட்டது அந்த ஒரு வார்த்தைதான். எப்படி உபயோகப்பட்டது என்று சொல்கிறேன்.

பல வருஷம் கழித்து, நான் தலைமையாசிரியராக இருந்தபோது நடந்தது அது. அன்றைக்கு என் பெண் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை. மாப்பிள்ளையின் அம்மா நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர், ரொம்பக் கண்டிப்பானவர் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பையன்கள் இருந்தாலும் எங்களுக்குப் பெண் ஒன்றுதான். நானும் வீட்டுக்காரரும் பல நாள் ஜெபம் செய்து காத்திருந்த இடம் அது. மாலை ரயிலில் வருகிறார்கள், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை என் வகுப்புக்கு வந்தாள். உங்கள் வயதுதான் அப்போது அவளுக்கு. பிள்ளைகள் அவளைச் சின்ன டீச்சர் என்று கூப்பிடுவார்கள்.

“டீச்சர், நித்யாவோட அப்பா வந்து ஆபீஸ் ரூம்கிட்ட நிக்கறாரு. பொண்ணக் கூட்டினு போணுமாம். வெளில ஒரு கார் நிக்குது.”

நித்யாவின் அம்மா செல்வி எங்களிடம் படித்தவள். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. புருஷன் ரமேஷுக்குத் திருப்பத்தூர் பக்கம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். வருஷ ஆரம்பத்திலேயே என்னிடம் வந்து, “அவரு வந்து கேட்டா பொண்ண அனுப்பாதீங்க டீச்சர்” என்று சொல்லியிருந்தாள். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். சொல்வது சுலபம். கோர்ட்டு, கேஸ் என்று எதுவும் நடக்கவில்லை. பெற்ற அப்பா வந்து என் பிள்ளையைக் கொடு என்று கேட்டால், என் கையில் என்ன இருக்கிறது?

“இன்னிக்கு நித்யா வரல, லீவுன்னு சொல்லிடட்டுமா?” என்றாள் சின்ன டீச்சர், குரலைத் தாழ்த்தி.

தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் முன் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு நாம் சத்தமாகச் சொல்வது காதில் விழாது, ரகசியம் மட்டும் விழும். டீச்சர் பொய் சொன்னதை அவர்கள் பார்த்துவிட்டால், பிறகு வருஷம் முழுவதும் நான் சொல்வது எதையும் அவர்கள் நம்ப வேண்டியதில்லை. அதோடு, இல்லை என்று சொல்லி அனுப்பினால் அவர் ரோட்டில் நிற்பார். ரோடு என் கையில் இல்லை. சிஸ்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“உள்ள வந்து உக்காரச் சொல்லு. தண்ணி குடு. நான் வர்றேன்” என்றேன்.

போய்ப் பார்த்தேன். நல்ல சட்டை போட்டு, தலைவாரி, கையில் ஒரு துணிக்கடைப் பையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் கவனித்தது இரண்டு விஷயம். குடித்த வாடை இல்லை. கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

“எங்கம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியல டீச்சர். பேத்தியப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கினு இருக்குது. கூட்டினு போய்ட்டு வந்துடறேன்.”

“செல்விக்குத் தெரியுமா தம்பி?”

“அது போன எடுக்கல.”

“சரி. சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் பொண்ணு என் பொறுப்பு. அதுக்கு முன்னாடி யாரு கேட்டாலும் நான் அனுப்பறதில்ல. உங்களுக்குன்னு இல்ல, எல்லாருக்கும் அதான். நீங்க இருங்க. சாப்பாட்டு நேரம், பொண்ணுகூட உக்காந்து சாப்பிடுங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவேன், விரட்டுவேன் என்று தயாராகி வந்தவர். வெளியே காரோடு காத்திருந்த அவருடைய தோஸ்த்து ஹாரன் அடித்தான். ரமேஷ் எழுந்து போய், பொறு என்று கையைக் காட்டிவிட்டு வந்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் நித்யா அப்பாவைப் பார்த்துவிட்டாள். தட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் மண்டி போட்டு உட்கார்ந்து அவளை அணைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தேன். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சுருங்கியிருந்தாலோ, அவரிடம் குடி வாடை அடித்திருந்தாலோ நான் செய்திருக்க வேண்டியது வேறு. முதலில் போலீசுக்குப் போன், மற்றதெல்லாம் பிறகு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை எல்லா ஆளிடமும் செய்யக் கூடாது. வந்திருப்பது யார் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே எல்லோருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எடுத்தவர், லைனில் இருப்பவர்களைக் கூப்பிட முடியாது, ஷிப்ட் முடிந்ததும் சொல்கிறேன் என்றார். ஷிப்ட் முடிந்து பஸ் ஊருக்கு வரும்போது இருட்டிவிடும்.

எங்கள் சத்துணவுச் சமையல்காரி மும்தாஜ். புருஷன் இல்லை, தனியாக நின்று இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். அவளைக் கூப்பிட்டேன்.

“மும்தாஜ், பாத்திரம் கழுவறத நான் பாத்துக்கறேன். நீ ஆட்டோ பிடிச்சுக் கம்பெனி கேட்டுக்குப் போ. செல்விய கையோட கூட்டினு வா. அதுகிட்ட மொதல் வார்த்தையா ‘பொண்ணு நல்லா இருக்குது’ன்னு சொல்லு. அப்புறமா மத்தது.”

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேட்டதும் ஒரு தாய்க்கு என்னென்ன தோன்றும் என்று நமக்குத் தெரியாது. எந்தச் செய்தியாக இருந்தாலும், பிள்ளை நலமாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

மத்தியானம் முழுக்க ரமேஷ் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்பு ஜன்னல் வழியாக நித்யா அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

“டீச்சர், டி.சி. இன்னிக்கே கெடைக்குமா?”

“பாட்டியப் பாத்துட்டு வர்றதுக்கு டி.சி. எதுக்கு தம்பி?”

டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த இடத்தில் என் வாயில் பத்து வார்த்தை வந்தது. விழுங்கிவிட்டேன். பொய்யைப் பிடித்துவிட்டோம் என்றால் உடனே அதைக் கசக்கிப் பிழிய வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவமானப்பட்ட ஆள் உட்கார மாட்டான், எழுந்து எதையாவது செய்துவிடுவான். “டீ ஆறிடப் போவுது, குடிங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினேன். என்ன பாடம் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

இடைவேளையில் இன்னொன்று நடந்தது. சின்ன டீச்சர் நித்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, தலையைத் தடவிக்கொண்டு கேட்கிறாள்: “நித்யாக்குட்டி, நீ அப்பாகூட போறியா, அம்மாகூட இருக்கியா? டீச்சர்கிட்ட சொல்லு.” அன்பாகத்தான் கேட்டாள். பிள்ளை பாவாடை நுனியை முறுக்க ஆரம்பித்தது. உதடு கோணிக்கொண்டு வந்தது.

“நித்யா, போய் தண்ணி குடிச்சிட்டு வா” என்று அனுப்பிவிட்டு, சின்ன டீச்சரிடம் சொன்னேன். “அந்தக் கேள்விய மட்டும் கேக்காதம்மா. அதுக்கு அந்தப் பிள்ள இன்னா பதில் சொன்னாலும், ரெண்டுல ஒருத்தர வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். காலம் பூரா அது மனசுல நிக்கும். பெரியவங்க தீக்க வேண்டியதப் பெரியவங்க தீத்துக்கட்டும்.”

அவள் முகம் வாடிவிட்டது. பிறகு அவளே நல்ல தலைமையாசிரியராக வந்தாள், அது வேறு. ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வியை நிறுத்தியதுதான் நான் செய்ததிலேயே முக்கியமான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கடைசி வகுப்பு நடக்கும்போது வீட்டுக்காரர் போன் செய்தார்.

“ரயில் வந்துடுச்சாம். ஆட்டோல ஏறிட்டாங்க. கெளம்பிட்டியா?”

“இல்லங்க. ஒரு பொண்ண அதோட அப்பா அம்மாவுக்குத் தெரியாம கூட்டினு போவ வந்திருக்கறாரு. அது முடியாம வர முடியாது.”

தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர் அவர், வார்த்தைகளையும் கணக்காகத்தான் செலவு செய்வார். “அப்ப பஜ்ஜிய யாரு போடறது?” என்றார்.

“உங்க தங்கச்சியப் போடச் சொல்லுங்க.”

“சரி” என்று வைத்துவிட்டார். அந்தச் சரிக்காகவே அவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம்.

மும்தாஜைக் காணவில்லை. செல்வியையும் காணவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, “மிஸ், மணி அடிக்கட்டுமா?” என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். ரமேஷ் அங்கே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்கிற வரைக்கும் என்று வார்த்தை கொடுத்தவள் நான்தான்.

“அடி” என்றேன்.

பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நித்யா பையை மாட்டிக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே காரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

“மணி அடிச்சாச்சு டீச்சர்” என்றார் ரமேஷ்.

“ஆமா. அடிச்சாச்சு.” நித்யாவைப் பார்த்து, “செடிக்குத் தண்ணி ஊத்தணும், சின்ன டீச்சரோட போய் ஊத்திட்டு வா” என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையை விட்டார். போனாள்.

“தம்பி, இப்ப நீங்க அத தூக்கினு போனா என்னால தடுக்க முடியாது. எனக்கு அவ்ளோ தெம்பு கெடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன். மத்தியானம் உங்களப் பாத்ததும் தட்டப் போட்டுட்டு ஓடி வந்துச்சு பாருங்க, அத நானும் பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாம கார்ல ஏத்தினு போனா, ராத்திரி அது அம்மா எங்கன்னு கேக்கும். நாளைக்கும் கேக்கும். அப்புறம் எப்பவும் உங்களப் பாத்து அப்படி ஓடி வராது.”

அவர் தலை குனிந்திருந்தது. “ஓசூர்ல வேல கெடச்சிருக்குது” என்றார். “என்கூடவே வச்சிக்கலாம்னு நெனச்சேன். செல்விய கேட்டா குடுக்காது.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேளுங்க. வந்துக்கினு இருக்குது.”

எனக்கே அது தெரியாது. வந்துகொண்டிருக்கிறாள் என்று நம்பித்தான் சொன்னேன். ரமேஷ் கேட்டைத் தாண்டி வெளியே போனார். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். தோஸ்த்தைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார் என்றுதான் நினைத்தேன். காரின் சத்தம் பெரிதாகி, பிறகு குறைந்து, ரோட்டில் போய் மறைந்தது. அவர் தனியாகத் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். காரை அவரே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆட்டோ வந்தது. செல்வி கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கினாள். கை விரலெல்லாம் பசை. பின்னாலேயே இறங்கிய மும்தாஜ், “சூப்பர்வைசர் ஒரே பேஜார் டீச்சர். டார்கெட்டாம், ஆள் இல்லியாம். நீ அனுப்பற வரைக்கும் நான் இங்கியே உக்காந்துக்கறேன்னு கேட்டுல உக்காந்துட்டேன். அப்புறம்தான் பாஸ் போட்டான்” என்றாள்.

செல்வி முதலில் தேடியது பெண்ணை. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“எதுக்கு வந்தே இங்க?”

“அம்மாவுக்குக் கால எடுத்துட்டாங்க” என்றார் ரமேஷ். “சக்கர. திருப்பத்தூர் ஆஸ்பத்திரில இருக்குது.”

செல்வி அப்படியே நின்றுவிட்டாள். சண்டை போடத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் சொன்னது வேறு.

“எனக்குப் பத்தியம் பொங்கிப் போட்டதே அத்ததான். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட்டினு வந்திருப்பனே. திருட்டுத்தனமா எதுக்கு வரணும்?”

அவர் ஓசூர் விஷயத்தையும் சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை, அவராகவே சொன்னார். செல்வி கேட்டுவிட்டு, கத்தவில்லை.

“கூட வச்சிக்கினு? நீ காலைல வேலைக்குப் போய்ட்டா அதுக்குத் தல பின்றது யாரு? காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?”

அதுவரைக்கும் அவர் அதை யோசித்திருக்கவே இல்லை என்று தோன்றியது. பிள்ளை வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் அவரிடம் இருந்தது.

“பொண்ணு என்கிட்டதான் இருக்கும்” என்றாள் செல்வி. “நீ வந்து பாரு. வேணாம்னு நான் சொல்லல. ஆனா வாசல் வழியா வா, சொல்லிட்டு வா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இப்பவே பஸ்ல போய் அத்தயப் பாத்துட்டு வந்துடறேன் டீச்சர். ஆனா தனியா போவ பயமா இருக்குது.”

புருஷனை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னாள். அவருக்கும் அது நியாயம் என்றுதான் பட்டிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் மும்தாஜ் முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டாள்.

“எங்க நாத்தனார் திருப்பத்தூர்லதான் இருக்குது. நானும் வர்றேன். ராத்திரி ஜாஸ்தியாயிட்டா அங்க படுத்துக்கலாம். காலைல பஸ் பிடிச்சா சாதம் வைக்கற நேரத்துக்கு வந்துடலாம்.”

நாலு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நித்யா ஒரு கையில் அப்பாவையும் இன்னொரு கையில் அம்மாவையும் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் முகத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது சம்பந்தி வீட்டார் வந்து ரொம்ப நேரமாகியிருந்தது. பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. ஸ்டெல்லா புடவையைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் வியர்த்து வழிந்து, சேலையில் சாக்பீஸ் தூளோடு உள்ளே நுழைந்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“அந்தப் பொண்ணு இப்ப யார்கிட்ட இருக்குது?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“துணைக்கு ஆள் போயிருக்குதா?”

“போயிருக்குது.”

“அப்ப உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. நான் சர்வீஸ்ல இருந்தப்ப எங்க வீட்டு விசேஷம் ஒண்ணுக்கும் நேரத்துக்குப் போனதில்ல. என் சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குத் தாலி கட்டினப்புறம்தான் போனேன்.”

அவ்வளவு கண்டிப்பானவர் என்றார்கள். கண்டிப்பானவர்தான். இன்றைக்கும் என் பெண்ணுக்குச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்கு ஜெபமாலை சொல்லும் நேரத்தில், எங்கள் வீட்டு ஆள் மாதிரி தரையில் உட்கார்ந்து எங்களோடு சேர்ந்து சொன்னார். நடுவில் மும்தாஜிடமிருந்து போன் வந்தது. “வாணியம்பாடி தாண்டிட்டோம் டீச்சர். பொண்ணு அப்பன் மடிலதான் தூங்குது” என்றாள். ஸ்டெல்லாவின் கல்யாணம் தவக்காலம் கழிந்து, ஈஸ்டருக்குப் பிறகு நடந்தது.

செல்வியும் ரமேஷும் சேர்ந்து வாழவில்லை. கதைகளில் வருகிற மாதிரி எல்லாம் சரியாகிவிடவில்லை. ரமேஷ் ஓசூருக்குப் போனார். லீவு கிடைக்கும் சனிக்கிழமைகளில் சொல்லிவிட்டு வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நாள் எங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே சந்தித்தார்கள், பிறகு செல்வி வீட்டுக்கே வர விட்டாள். நித்யா ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது டி.சி. வாங்க இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அதை நானே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது உங்களுக்கு எவ்வளவோ வசதி இருக்கிறது. குழந்தைகளுக்கென்று உதவி எண் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். யாரிடமும் கேட்காமல் எல்லாவற்றையும் நீங்களே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அவர்களெல்லாம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையது. அதில் நீங்கள் கெட்டிக்காரத்தனமாக எதுவும் செய்ய வேண்டாம். கதவைச் சாத்தாதீர்கள், பொய் சொல்லாதீர்கள், பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள். வந்தவரை உட்காரவைத்து, வர வேண்டியவரை வரவழையுங்கள். முக்கால்வாசி நேரம் அது போதும்.

நித்யா இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். போன கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு நிறைய ஆட்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூச்சல். நான் பலகாரத் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, எத்தனையோ வருஷமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு உங்கப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தாரே நித்யா. ஞாபகம் இருக்குதா?”

“நல்லா ஞாபகம் இருக்குது டீச்சர்.”

அந்த ஹாரன், அம்மா வந்து நின்ற கோலம், யாருடன் போகிறாய் என்ற கேள்வி. எதைச் சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கூட கீழ உக்காந்து சாப்ட்டாரு. முட்டய உரிச்சு, மஞ்சக்கருவ எடுத்து எனக்கு ஊட்டிவிட்டாரு. பசங்க எல்லாம் பாத்தாங்க” என்றாள். முறுக்கைக் கடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். “அப்புறம் எல்லாரும் பஸ்ல ஊருக்குப் போனோம்னு நெனைக்கறேன். வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல டீச்சர். ஏன், அன்னிக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல” என்றேன்.